ஜாக்கி மிட்டூ, ரெகேயின் கீபோர்ட் ராஜா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெகே கேட்கிற நண்பர்கள் ஜாக்கி மிட்டூவைப் பற்றி அவ்வப்போது கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ரெகேயே புதிது என்பவர்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

யார் இந்த ஜாக்கி மிட்டூ?

ஜமைக்காவைச் சேர்ந்த பியானோ, ஆர்கன் கலைஞர். இயற்பெயர் டோனட் ராய் மிட்டூ. 1948 மார்ச் 3ஆம் தேதி ஜமைக்காவின் செயின்ட் ஆன் மாவட்டத்தில் பிரவுன்ஸ் டவுன் என்ற ஊரில் பிறந்தார். 1990 டிசம்பர் 16ஆம் தேதி கனடாவின் டொராண்டோவில் இறந்தார். வயது 42தான். அதற்குள் ஸ்கா, ராக்ஸ்டெடி, ரெகே என்று ஜமைக்க இசையின் மூன்று காலகட்டங்களிலும் முன்வரிசையில் இருந்து வாசித்துவிட்டார். ரசிகர்கள் அவரைக் 'கீபோர்ட் கிங்' என்பார்கள்.

பெயரையே கேள்விப்பட்டதில்லை. அவர் வாசித்த எதையாவது நான் கேட்டிருப்பேனா?

அநேகமாகக் கேட்டிருப்பீர்கள்.

1982இல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த மியூசிக்கல் யூத் என்ற பள்ளிப் பையன்கள் 'பாஸ் த டச்சி' என்று ஒரு பாட்டுப் பாடினார்கள். பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் முதல் பத்துக்குள். எண்பதுகளின் ஆங்கிலப் பாட்டுத் தொகுப்பு எதை எடுத்தாலும் அது இருக்கும். அதை எழுதியவர்கள் என்று போட்டிருக்கும் பெயர்களில் ஒன்று ஜாக்கி மிட்டூ. காரணம் இதுதான்: அந்தப் பாட்டு, மைட்டி டயமண்ட்ஸ் குழுவின் 'பாஸ் த கூச்சி' என்ற பாட்டைக் குழந்தைகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றியது. கூச்சி கஞ்சாக் குழாய். டச்சி சமையல் பாத்திரம். அந்த மூலப் பாட்டும் 1960களில் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் பதிவான 'ஃபுல் அப்' என்ற வாத்திய இசையின் மேல் பாடப்பட்டது. அந்த 'ஃபுல் அப்'பில் ஆர்கன் வாசித்தவர் மிட்டூ.

இன்னும் இரண்டு சொல்கிறேன். தி கிளாஷ் என்ற லண்டன் பங்க் குழு 1979இல் வெளியிட்ட 'லண்டன் காலிங்' சிங்கிள் இசைத்தட்டின் மறுபக்கத்தில் 'ஆர்மகிடியன் டைம்' இருக்கிறது. வில்லி வில்லியம்ஸ் என்ற ஜமைக்கப் பாடகரின் பாட்டு அது. அதன் அடியில் ஓடுவது மிட்டூவும் கூட்டாளிகளும் வாசித்த 'ரியல் ராக்'. அப்புறம் 2006இல் லில்லி ஆலனின் 'ஸ்மைல்'. பாட்டு முழுக்கச் சுற்றிச் சுற்றி வரும் அந்தக் கீபோர்ட் துண்டு, மிட்டூ இருந்த சோல் பிரதர்ஸ் குழுவின் 'ஃப்ரீ சோல்' பதிவிலிருந்து வெட்டி எடுத்தது. அவர் இறந்து பதினாறு ஆண்டுகள் கழித்து மறுபடியும் பிரிட்டனில் முதலிடம்.

எப்படி இசைக்கு வந்தார்?

பாட்டிதான் குரு. நான்கு வயதிலேயே பியானோ முன் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். பதின்ம வயதில் கிங்ஸ்டனில் தி ரைவல்ஸ், தி ஷீக்ஸ் போன்ற குழுக்களில் வாசித்தார். அப்போதைய கிங்ஸ்டனில் நல்ல பியானோக்காரர் என்றால் ஹோட்டலிலும் வாசிக்க வேண்டும், நடன அரங்கிலும் வாசிக்க வேண்டும், ஜாஸும் தெரிந்திருக்க வேண்டும், அமெரிக்க வானொலியில் நேற்று ஒலித்த பாட்டையும் இன்றைக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்தப் பயிற்சியில் வளர்ந்த கை அவருடையது.

ஸ்கேட்டலைட்ஸ் குழுவில் அவர் இருந்தாரா?

ஆமாம், ஸ்கா இசையின் பெயர்பெற்ற அந்தக் குழுவில் தொடங்கிய நாளிலிருந்தே இருந்தார். 1964இல் குழு தொடங்கியபோது அவருக்கு வயது 16. கூட இருந்தவர்கள் எல்லாம் பெரிய ஆட்கள்: டிராம்போனில் டான் டிரம்மண்ட், சாக்ஸஃபோனில் டாமி மெக்குக், ரோலண்ட் அல்ஃபோன்சோ, லெஸ்டர் ஸ்டெர்லிங், ட்ரம்பெட்டில் ஜானி மூர், பாஸ் என்ற அடிச்சுருதி நரம்பு வாத்தியத்தில் லாயிட் பிரெவெட், டிரம்ஸில் லாயிட் நிப், கிதாரில் ஜெர்ரி ஹெய்ன்ஸ். ஜமைக்காவின் ஜாஸ் உலகத்தில் ஏற்கெனவே பெயர் வாங்கியவர்கள். அவர்களுக்கு நடுவில் பள்ளிக்கூட வயதுப் பையன் ஒருவன் பியானோ முன் உட்கார்ந்திருக்கிறான்.

குழு நீடித்தது சுமார் பதினான்கு மாதங்கள்தான். 1965 ஆண்டுப் பிறப்பு நாளில் டான் டிரம்மண்ட் தன் காதலியும் நடனக் கலைஞருமான மார்கரிட்டாவைக் கொலை செய்த வழக்கில் கைதானார். அதன் பிறகு மனநல மருத்துவமனையை விட்டு அவர் வெளியே வரவேயில்லை. 1969இல் அங்கேயே இறந்தார். குழுவோ 1965 ஆகஸ்டிலேயே உடைந்துவிட்டது. டாமி மெக்குக் ஒரு பக்கம் போய் சூப்பர்சோனிக்ஸ் குழுவை ஆரம்பித்தார். அல்ஃபோன்சோவும் மிட்டூவும் இன்னொரு பக்கம் சோல் பிரதர்ஸ் ஆனார்கள். மிட்டூவைப் பொறுத்தவரை உண்மையான கதை இங்கேதான் ஆரம்பம்.

பாப் மார்லியுடன் வாசித்திருக்கிறாரா?

மார்லி இருந்த வெய்லர்ஸ் குழுவின் முதல் வெற்றிப் பாட்டான 'சிம்மர் டவுன்' 1964 வாக்கில் பதிவானது. பின்னணி இசை ஸ்கேட்டலைட்ஸ். அந்தக் காலத்தில் வெய்லர்ஸ் பதிவு செய்ததும் மிட்டூ வேலை பார்த்த ஸ்டூடியோ ஒன் ஒலிப்பதிவுக்கூடத்தில்தான். ஆனால் எழுபதுகளில் உலகம் சுற்றிய மார்லியின் குழுவில் இருந்த கீபோர்ட்காரர்கள் வேறு: ஏர்ல் லிண்டோ, டைரோன் டௌனி.

ஸ்டூடியோ ஒன்னில் அவர் வேலை என்ன?

ஸ்டூடியோ ஒன் என்பது கிளெமென்ட் 'காக்ஸன்' டாட் என்பவர் கிங்ஸ்டனில் 13, பிரெண்ட்ஃபோர்ட் சாலையில் 1963இல் திறந்த ஒலிப்பதிவுக்கூடம். அந்தச் சாலைக்கு 2004இல் ஸ்டூடியோ ஒன் பூலவார்ட் என்றே பெயர் மாற்றினார்கள். பெயர் மாற்றிய சில நாளில் டாட் இறந்துபோனார்.

மிட்டூவின் வேலையை நம் ஊர்ச் சொல்லில் சொன்னால் ஆஸ்தான இசையமைப்பாளர். பாடகர் வந்து ஒரு மெட்டை முனகிக் காட்டுவார். அதற்குச் சுருதி பிடித்து, எந்த கார்டிலிருந்து (ஒன்றாகச் சேர்த்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) எந்த கார்டுக்குப் போக வேண்டும், பாஸ் என்ன சொல்ல வேண்டும், ட்ரம்பெட், சாக்ஸஃபோன் போன்ற கொம்பு வாத்தியங்கள் எங்கே நுழைய வேண்டும் என்று தீர்மானித்து, குழுவுக்குச் சொல்லிக்கொடுத்து, தானும் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அன்றைய ஒலிப்பதிவில் தடங்கள் ஒன்றோ இரண்டோதான். பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து.

பாடகர்கள் வரிசை நீளமானது. ஆல்டன் எல்லிஸ், கென் பூத், டெல்ராய் வில்சன், பாப் ஆண்டி, மார்ஷியா கிரிஃபித்ஸ், ஹெப்டோன்ஸ். 1967இல் ஆல்டன் எல்லிஸ், கென் பூத் இருவருடனும் குழு இங்கிலாந்து போனது. அப்போது பெயர் சோல் வெண்டர்ஸ். பின்னால் சவுண்ட் டைமென்ஷன். பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருந்தது, ஆட்களும் கொஞ்சம் மாறினார்கள். ஆர்கன் முன்னால் இருந்த ஆள் மட்டும் மாறவில்லை. பழைய தட்டுகளில் குழுப்பெயரைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஆள் தேடுவதிலும் அவருக்குக் கண் உண்டு. ஹெப்டோன்ஸ் குழுவின் பாடகர் லெராய் சிபிள்ஸை பாஸ் கிதார் எடுக்க வைத்தவர் மிட்டூதான். ஒரு ஜாஸ் மூவர் குழுவுக்கு பாஸ் வாசிக்க ஆள் தேவைப்பட்டது, பாடகரையே பிடித்துப் பழக்கிவிட்டார். அந்த சிபிள்ஸ் பிறகு ரெகே வரலாற்றின் மிகச் சிறந்த பாஸ் கலைஞர்களில் ஒருவரானார். மிட்டூ கனடா போனதும் ஸ்டூடியோ ஒன்னில் இசைக்கோர்ப்பு வேலையைத் தூக்கிச் சுமந்ததும் அவர்தான்.

ரிடிம் ரிடிம் என்கிறார்களே, அது என்ன?

ஒரு பாட்டில் குரலைக் கழற்றிவிட்டால் மிஞ்சும் அடித்தளம்: பாஸ், டிரம்ஸ், கிதார், கீபோர்ட். ஜமைக்காவில் அதற்கே தனிப் பெயர், தனி வாழ்க்கை. ஒரு ரிடிம் பிரபலமானால் அதன் மேல் வேறு வேறு பாடகர்கள் வேறு வேறு பாட்டுப் பாடுவார்கள். நம்மிடம் காவடிச்சிந்து மெட்டு ஒன்றை எடுத்து ஆளாளுக்கு வேறு வரி போட்டுப் பாடுவது உண்டல்லவா, அது மாதிரி. ஒரே வித்தியாசம், அங்கே மெட்டு பாடகருக்குப் பாடகர் மாறும். மாறாமல் இருப்பது கீழே ஓடும் இசை.

'ரியல் ராக்' என்ற ரிடிமை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களின் கடைசியில் சவுண்ட் டைமென்ஷன் பதிவு செய்தது. பாஸ் ஒரு சிறிய வாக்கியம் பேசிவிட்டு நின்றுவிடும். அந்த இடைவெளியில் கீபோர்டும் கிதாரும் 'சக், சக்' என்று வெட்டும். மேலே வின் கார்டனின் டிராம்போன், தூக்கம் கலையாத குரலில் ஒரு சொற்றொடரை ஊதும். அவ்வளவுதான் சரக்கு. கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அதன் மேல் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த அடித்தளத்தில் பாடகருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறது, அதனால்தான். மிட்டூவின் மேதைமை என்று நான் நினைப்பது இதைத்தான்: எங்கே வாசிக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் சுகர் மினாட் என்ற இளம் பாடகர் ஸ்டூடியோ ஒன்னுக்கு வந்தபோது, டாட் பழைய ஒலிநாடாக்களை எடுத்துப் போட, அதன் மேலேயே புதுப் பாட்டுகளைப் பாடினார். 1978இல் 'லிவ் லவிங்' ஆல்பம் அப்படி வந்ததுதான். சேனல் ஒன் போன்ற மற்றக் கூடங்களோ ஸ்டூடியோ ஒன் ரிடிம்களை அப்படியே புதிதாக வாசித்துப் பதிவு செய்தன. ஆக, மிட்டூ ஊரில் இல்லாத காலத்திலும் கிங்ஸ்டனின் நடன அரங்குகளில் அவர் கோர்த்த இசைக்குத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ரெகேயில் கீபோர்ட் அப்படி என்ன செய்துவிடுகிறது? பாஸும் டிரம்ஸும்தானே முக்கியம்?

பாஸும் டிரம்ஸும் முக்கியம், சரி. ஆனால் ரெகேயின் அந்த ஊஞ்சல் ஆட்டத்தை உண்டாக்குவதில் கீபோர்டுக்குப் பாதிப் பங்கு உண்டு. செய்து பார்த்தால்தான் புரியும், மேசையில் விரலால் தட்டினாலே போதும்.

காலால் ஒரு நிதானமான தாளம் போடுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் மனதுக்குள் 'தகதிமி' சொல்லுங்கள். 'த'வில் கால் விழ வேண்டும். இப்போது வலது கையால் 'தி'யில் மட்டும் ஒரு கார்டைக் குட்டையாக வெட்டுங்கள். இது ஸ்கேங்க். கிதாரும் பியானோவும் இதைத்தான் செய்யும். தட்டு விழும் இடத்தில் மௌனம், இரண்டு தட்டுக்கும் நட்ட நடுவில் வெட்டு.

அடுத்து ஆர்கன். இதற்கு பபிள் என்று பெயர். 'த'வில் இரண்டு கையும் சும்மா. 'க'வில் இடது கை, 'தி'யில் வலது கை, 'மி'யில் மறுபடி இடது கை. இடது, வலது, இடது. இடது கை கீழே மெல்லிசாக, முணுமுணுக்கிற மாதிரி இருக்க வேண்டும். வலது கை கிதாரோடு சேர்ந்து விழ வேண்டும். தனியாகக் கேட்டால் ஏதோ கொதிக்கிற சத்தம் மாதிரி இருக்கும். பாட்டில் சேர்த்துக் கேட்டால் காதுக்குத் தனியாகப் புலப்படவே புலப்படாது. ஆனால் கலவையில் அந்த ஆர்கனை மட்டும் அணைத்துப் பாருங்கள், பாட்டு நொண்டும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, விரலை எடுக்கத் தாமதிப்பது. ஸ்வரம் எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்பதில்தான் ரெகேயின் ருசி. கார்டை அழுத்திய வேகத்திலேயே விட்டுவிட வேண்டும். மெல்லிசைக் குழுவில் 'ஸ்ட்ரிங்ஸ்' போட்டு இழுத்து இழுத்து வாசித்துப் பழகிய கைக்கு இது முதலில் சித்திரவதை.

இதெல்லாம் ஒரே நாளில் வந்ததல்ல. ஸ்கா காலத்தில் வேகம் அதிகம். பியானோ கிதாரோடு சேர்ந்து வெறுமனே எதிர்த்தட்டை, அதாவது அந்த நடுவெட்டை, அடித்துக்கொண்டிருக்கும், மேலே கொம்பு வாத்தியங்களின் ராஜ்யம். 1966 வாக்கில் வேகம் நன்றாகக் குறைந்து ராக்ஸ்டெடி வந்தது. கொம்புக் குழுக்கள் சுருங்கின. காலியான இடத்துக்கு பாஸும் ஆர்கனும் வந்தன. 1968ஐ ஒட்டி ரெகே பிறந்தபோது ஆர்கனின் அந்த பபிள் நடை முன்னுக்கு வந்துவிட்டது. இந்த மாற்றம் நடந்த ஆண்டுகள் முழுக்க ஸ்டூடியோ ஒன்னில் கீபோர்ட் முன்னால் இருந்தவர் மிட்டூ.

ஹாமண்ட் ஆர்கன் என்றால் என்ன? சாதாரணக் கீபோர்டில் அந்தச் சத்தம் வராதா?

ஹாமண்ட் ஆர்கன் 1930களில் அமெரிக்காவில் வந்த மின்சார ஆர்கன். உள்ளே பல்சக்கரங்கள் சுழன்று சுருதியை உண்டாக்கும். மேலும் கீழுமாக இரண்டு கட்டை வரிசை. முன்னால் இழுத்துத் தள்ளும் பட்டைகள், ஒரு தொகுதிக்கு ஒன்பது. எதை எவ்வளவு இழுக்கிறோமோ அதற்கேற்ப நாதம் மாறும். பெரும்பாலும் லெஸ்லி என்ற ஒலிப்பெட்டியோடு சேர்த்து வாசிப்பார்கள். அதற்குள் கொம்பு வடிவக் குழல் ஒன்று சுழலும். சத்தம் அலை அலையாக வருவது அதனால்தான்.

இன்றைய சாதாரணக் கீபோர்டிலும் 'ட்ராபார் ஆர்கன்' என்ற ஒலி இருக்கும். பழகுவதற்கு அதுவே தாராளம்.

சொந்தப் பெயரில் ஆல்பம் போட்டாரா?

நிறைய. 1967இல் 'ராம் ஜாம்' என்ற ஆர்கன் பாட்டு நன்றாகப் போனது. அதே ஆண்டு 'இன் லண்டன்' ஆல்பம். தொடர்ந்து 'ஈவினிங் டைம்', 'கீப் ஆன் டான்சிங்', 'நவ்', 'மாக்கா ஃபேட்' என்று 1971 வரை ஸ்டூடியோ ஒன்னிலிருந்து வந்துகொண்டே இருந்தன. பாதி அவருடைய மெட்டு, மீதி அன்றைய பிரபல பாட்டுகளின் ஆர்கன் வடிவம். 'டார்க்கர் ஷேட் ஆஃப் பிளாக்' பீட்டில்ஸின் 'நார்வீஜியன் வுட்'டைச் சுற்றிப் பின்னியது. பீட்டில்ஸ் ரசிகர்கள் சிலருக்கே கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். 'டிரம் சாங்', 'ஹாட் மில்க்' இரண்டும் பின்னால் ரிடிம்களாகி, எண்பதுகளில் ரெகேயிலிருந்து கிளைத்த டான்ஸ்ஹால் பாடகர்கள் வரை போய்ச் சேர்ந்தன. பாரிங்டன் லீவியின் 'மர்டரர்' அந்த 'ஹாட் மில்க்' மேல் பாடியதுதான்.

எல்லாமே தங்கம் என்று சொல்ல மாட்டேன். பாப் பாட்டுகளை அப்படியே ஆர்கனில் வாசித்த தடங்கள் சில, ஹோட்டல் வரவேற்பறையில் ஓடுகிற இசைபோல இருக்கும். தாண்டிப் போய்விடலாம்.

உச்சத்தில் இருந்தவர் ஏன் கனடாவுக்குப் போனார்?

அறுபதுகளின் கடைசியில் ஜமைக்காவில் இசைத்துக்கொண்டிருந்த கலைஞர்கள் பலர் டொராண்டோவுக்குப் போனார்கள். கிதார் கலைஞர் லின் டைட், பாடகர் ஜானி ஆஸ்போர்ன், பின்னால் லெராய் சிபிள்ஸ். கனடா குடியேற்ற விதிகளைத் தளர்த்திய காலம் அது. கிங்ஸ்டனில் எவ்வளவு பேர் வாங்கினாலும் கூலி கூலிதான். டொராண்டோவில் கிளப்புகள் இருந்தன, நிலையான வருமானம் இருந்தது. டொராண்டோ என்றால் நமக்குத் தமிழர் நிறைந்த ஸ்கார்பரோதான் நினைவுக்கு வரும். ஜமைக்கர்களுக்கு அது எக்ளிண்டன் மேற்கு. அங்கே ஒரு சந்துக்கு இன்று 'ரெகே லேன்' என்றே பெயர்.

1971இல் அங்கே 'விஷ்போன்' என்ற ஆல்பம் போட்டார். அதன் தலைப்புப் பாட்டு கனடிய வானொலிகளில் ஓடியது. அந்த ஆண்டுதான் வானொலியில் 30 சதவீதம் கனடிய இசை ஒலிக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. உள்ளூரில் தயாரான இசைக்கு நிலையங்களில் தேவை இருந்தது. 'கனேடியன் டேலண்ட் லைப்ரரி' என்ற அமைப்பு வானொலிகளுக்காகவே தட்டுகள் தயாரித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்காக 1972இல் 'ரெகே மேஜிக்', 1975இல் 'லெட்ஸ் புட் இட் ஆல் டுகெதர்'. கிங்ஸ்டன் பதிவுகளோடு ஒப்பிட்டால் இவை மென்மையானவை, மெருகு கூடியவை. ஸ்டூடியோ ஒன்னின் புழுதி இதில் இல்லையே என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு 'விஷ்போன்' பிடிக்கும்.

ஸ்டைன்-ஜாக் என்று சொந்தமாக ஒரு இசைத்தட்டு லேபிளும் நடத்தினார், தட்டுக் கடையும் வைத்தார்.

அதற்குப் பிறகு ஜமைக்காவுடன் தொடர்பே இல்லையா?

இருந்தது. எழுபதுகளில் போக வர இருந்தார். தயாரிப்பாளர் பன்னி லீக்காக நிறைய வாசித்தார். 'தி கீபோர்ட் கிங்' என்ற ஆல்பம் 1976இல் வந்தது. எண்பதுகளில் சுகர் மினாட்டுடன் வேலை செய்தார். தான் கோர்த்த ரிடிம்களின் மேல் பாடிப் பெயர் வாங்கிய பையனோடு உட்கார்ந்து வாசிப்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன். 1989இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தொடங்கிய வாக்கீஸ் லேபிளுக்காக 'வைல்ட் ஜாக்கி'.

இத்தனை பாட்டில் அவர் இசை இருக்கிறதே, கோடீஸ்வரர் ஆகியிருப்பாரே?

இல்லை. அறுபதுகளில் கிங்ஸ்டன் ஸ்டூடியோக்களில் வாசிப்பவருக்குக் கிடைத்தது கூலி. தட்டின் மேல் யார் பெயர் அச்சாக வேண்டும் என்பது பெரும்பாலும் தயாரிப்பாளர் கையில். ஒரே ரிடிமை முப்பது பேர் பயன்படுத்தினாலும் முதலில் வாசித்தவருக்கு ஒரு பைசா வராது. ஜமைக்காவுக்கென்று நவீனமான பதிப்புரிமைச் சட்டம் வந்ததே 1993இல்தான். அதற்கு முன்னால் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து 1911ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். மிட்டூ அதற்கு முன்பே போய்விட்டார்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரிடிம் என்பது கூட்டு வேலை. பாஸ் வரியை ஒருவர் கண்டுபிடிப்பார், ஆர்கன் துண்டை இன்னொருவர், டிரம்ஸ்காரர் ஒரு தட்டை மாற்றிப் போட்டதால்தான் பாட்டே எழுந்து நிற்கும். 'ஃபுல் அப்' விஷயத்தில் லெராய் சிபிள்ஸும் தன் பங்கைக் கேட்டு நீண்ட காலம் போராடினார். மிட்டூவின் பெயர் சில பெரிய பாட்டுகளில் எழுத்தாளராக ஏறியது. அந்த வகையில் கூட வாசித்த பலரைவிட அவர் நிலைமை தேவலை என்றுதான் சொல்ல வேண்டும். அவரோடு வாசித்த எத்தனையோ பேர் பெயர் எங்குமே ஏறவில்லை.

எப்படி இறந்தார்?

புற்றுநோய். 1989இல் ஸ்கேட்டலைட்ஸ் மறுபடி ஒன்றுசேர்ந்து சுற்றுப்பயணம் கிளம்பியபோது அவரும் சேர்ந்தார். உடல்நிலை இடம் கொடுக்காமல் விலகினார். 1990 டிசம்பரில் டொராண்டோ மருத்துவமனையில் சேர்த்து சில நாட்களிலேயே இறந்தார். கிங்ஸ்டனின் நேஷனல் அரீனாவில் அஞ்சலி நடந்தது. பாடகர்கள், வாத்தியக்காரர்கள் வந்து இசைத்து வழியனுப்பினார்கள்.

ரெகேயில் வேறு யாருடைய கீபோர்டைக் கேட்கலாம்?

வின்ஸ்டன் ரைட். 1969இல் ஹாரி ஜே ஆல்ஸ்டார்ஸ் பெயரில் வந்த 'லிக்விடேட்டர்' முழுக்க அவர் ஆர்கன்தான். இங்கிலாந்தில் செல்சி உள்ளிட்ட கால்பந்து மைதானங்களில் அது இன்னும் ஒலிக்கிறது. ஆன்செல் காலின்ஸ், 1971இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த 'டபுள் பேரல்'காரர். பியானோ என்றால் கிளாட்ஸ்டன் ஆண்டர்சன். முன்னோடி வேண்டுமென்றால் தியோஃபிலஸ் பெக்ஃபோர்டின் 'ஈஸி ஸ்னாப்பிங்'. ஸ்காவுக்கு முந்தைய பியானோவில் அந்த எதிர்த்தட்டு முளைவிடுவதைக் கேட்கலாம். அகஸ்டஸ் பாப்லோவை விட்டுவிடக் கூடாது. குழந்தைகள் ஊதும் மெலோடிக்காவைக் கையில் எடுத்து அவர் செய்த வேலை தனி உலகம்.

மிட்டூவை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். சோல் ஜாஸ் நிறுவனம் 2000இல் வெளியிட்ட 'தி கீபோர்ட் கிங் அட் ஸ்டூடியோ ஒன்' போதும். அது பிடித்தால் சோல் பிரதர்ஸின் 'லாஸ்ட் ட்ரெயின் டு ஸ்கேவில்'. கனடாக் காலம் வேண்டுமென்றால் 'ஜமைக்கா டு டொராண்டோ' தொகுப்பு, பிறகு 'விஷ்போன்'. சின்ன ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். பாஸ் கேட்காது, பாஸ் கேட்காவிட்டால் ஆர்கன் எதற்குப் பதில் சொல்கிறது என்றே தெரியாது. ஹெட்ஃபோன் போதும்.

நான் கீபோர்ட் வாசிக்கிறவன். அவர் பாணியை எப்படிப் பழகுவது?

முதல் வாரம் ஆர்கன் பக்கமே போக வேண்டாம். பியானோ ஒலியை வைத்துக்கொண்டு, 'ரியல் ராக்' போன்ற ஒரு ரிடிமை ஓடவிட்டு, மேலே சொன்ன 'தி'யில் வெட்டு மட்டும். மூன்று நிமிடம் வேகம் மாறாமல், கார்ட் மாறாமல் வாசிக்க வந்தால் பாதி கிணறு தாண்டியாயிற்று. கை வலித்தால் அழுத்தி அடிக்கிறீர்கள் என்று அர்த்தம்; மணிக்கட்டைத் தளர்த்துங்கள்.

பிறகு ஆர்கன் ஒலிக்கு வந்து இடது கையைச் சேருங்கள். இடது கையின் சத்தம் உங்களுக்கே சரியாகக் கேட்கக் கூடாது, அந்த அளவு. பபிள் கைவந்த பிறகு மெட்டுக்குப் போகலாம். 'ராம் ஜாம்', 'ஈவினிங் டைம்' இரண்டும் நல்ல பாடம். மிட்டூ ஒரு சொற்றொடரை வாசித்துவிட்டு, அடுத்ததற்கு அவசரப்படாமல் பாஸை ஒரு சுற்று ஓடவிட்டுத்தான் வருவார். அந்த ஒரு சுற்றில் உங்கள் கை சும்மா இருக்கிறதா என்று கவனியுங்கள். என் கை இன்னும் இருப்பதில்லை.